மடிக்கொடியில் காய்ந்த கால்மிதி

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. அதில் முதல் மாடி ராஜகோபாலனுடையது. அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் கிடையாது. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக முப்பத்திரண்டு வருஷம் ஏறி இறங்கிய கால். ரிடையர் ஆகிப் பதினொரு வருஷம் ஆயிற்று, அந்தச் செய்தி இன்னும் காலுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்திருப்பார். சொட்டாத குழாயை இறுக்கிச் சொட்ட வைப்பார். ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து நிறுத்தி வைப்பார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அவர் மனைவி காமாக்ஷி சொல்லாத நாளே இல்லை. அவரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த சங்கைத் தேடிப் போய்விடுவார். கெட்ட மனிதர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய குறை என்று போன ஐப்பசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அந்த வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பின்னல் கால்மிதி கிடந்தது. கடையில் வாங்கியதில்லை. பத்து வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்யும் பாஞ்சாலி பண்ணியது. காமாக்ஷியின் பழைய புடவைகளை நீளநீளமாகக் கிழித்து, மூன்று மூன்றாகச் சேர்த்து ஜடை பின்னி, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி, வரிசைக்கு வரிசை கோணி ஊசியால் தைத்துச் சேர்த்திருந்தாள். நாலு அடி நீளம், முட்டை வடிவம். தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும்.

பண்ணியவளுக்குத்தான் அதைப் பராமரிக்கத் தெரியும். அதற்கென்று அவள் சில சட்டங்கள் வைத்திருந்தாள். வாரம் ஒரு முறை உதற வேண்டும், கட்டையால் அடிக்கக் கூடாது. உதறியதும் மறுபக்கம் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம் தேய்ந்துபோகும். அழுக்கானால் அகலமான டப்பில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காலால் மிதித்து அலச வேண்டும், முறுக்கிப் பிழியவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், கொடியில் தொங்கவிடக் கூடாது. "ஈரத்துல கல்லு கணக்கா கனக்கும் மாமா. தொங்கவுட்டா தையல் அந்து தொங்கிப்பூடும். மொட்ட மாடில பரப்பித்தான் போடணும்" என்பாள். எங்காவது தையல் விட்டுப்போனால் அன்றைக்கே தைத்துவிடுவாள். தைக்கும்போது நூலை இழுக்கவே மாட்டாள். இழுத்துத் தைத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாகிவிடுமாம்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, காமாக்ஷி கோயிலில் உபந்யாசம் கேட்கப் போயிருந்தாள். பாஞ்சாலி வேலை முடித்துப் போயாகிவிட்டது. ராஜகோபாலன் காப்பி டம்ளரோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். கை தவறியது. டம்ளர் நிறையக் காப்பி கால்மிதியின் நடுவில் கொட்டியது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நாளைக்கு பாஞ்சாலி வரட்டும் என்று விட்டிருப்பார்கள். இவருக்கு நாளை வரைக்கும் பொறுமை ஏது? டப்பில் போட்டு மிதித்தார். அதோடு நிற்காமல் முறுக்கிப் பிழிந்தார். மொட்டை மாடியில் மழை. வீட்டுக்குள் பரப்பிப் போட்டால் காமாக்ஷி வந்ததும் பார்த்துவிடுவாள். அங்குமிங்கும் பார்த்தவர் கண்ணில், பின்கட்டில் கூரையை ஒட்டிக் கட்டியிருந்த மடிக்கொடி பட்டது.

அந்த வீட்டில் மடிக்கொடி என்றால் விளையாட்டில்லை. மூங்கில் கழி. காமாக்ஷி குளித்துவிட்டு, பூஜைக்குக் கட்டும் ஒன்பது கஜத்தை அதில் ஒரு கோலால் தூக்கி உலர்த்துவாள். வேறு யார் கையும் அதில் படக் கூடாது. அந்தக் கழியில் மறுநாள் பூஜைக்கு உலர்ந்துகொண்டிருந்த புடவையை வெறும் கையால் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டார் எல்லாரும் மிதிக்கிற கால்மிதியைத் தூக்கிப் போட்டார் ராஜகோபாலன். கீழே மேஜை மின்விசிறியை வேறு வைத்தார். 'இரண்டு மணி நேரம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?' என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்தில் பாஞ்சாலி சொன்னதெல்லாம் நடந்தது. கனம் தாங்காமல் நடுவில் நான்கு வரிசைத் தையல் அறுந்து, கால்மிதி வயிறு தள்ளிக்கொண்டு தொங்கியது. ராஜகோபாலன் பதறி இறக்கினார். கோணி ஊசியைத் தேடி எடுத்து அவரே தைத்தார். பாதி ஈரம், கையில் அவசரம், வாசலில் ஒரு காது. நூலை இழுத்து இழுத்துத் தைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. நடுப்பகுதி சுருங்கி, ஒரு பக்க ஓரம் இரண்டு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டது. தையல் தெரியாமல் இருக்கக் குப்புறத் திருப்பி, பழைய இடத்தில் போட்டு, காலால் இரண்டு மிதி மிதித்தார். மிதித்தபோது படிந்தது. காலை எடுத்ததும் மறுபடி தூக்கிக்கொண்டது.

மறுநாள் விடிகாலை காமாக்ஷி பால் காய்ச்சப் போனாள். தூக்கியிருந்த ஓரத்தில் கட்டை விரல் மாட்டியது. விழுந்த சத்தம் கேட்டு ராஜகோபாலன் ஓடி வந்தபோது, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"இந்த பாஞ்சாலி மேட்டை எப்படிப் போட்டிருக்கா பாருங்கோ" என்று அழுதாள்.

ராஜகோபாலன் வாயைத் திறந்தார். நான்தான் துவைத்தேன் என்று சொன்னால், இந்த மழையில் எங்கே காயப்போட்டேள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் மடிக்கொடி. சிரிப்பாகத்தான் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து ஒருத்தி கிடக்கும்போது, மடி கெட்டதைச் சொல்லப் பயந்து ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஆபரேஷன் என்று வரிசையாக வந்தன. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அவரைத் தாண்டிப் போயே போய்விட்டது.

அடையாறில் இருக்கும் மகள் ஸ்நேஹா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே பாஞ்சாலிக்குப் போன் போட்டாள். "நான் அத்த தொவைக்கவே இல்லம்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் ராஜகோபாலனுக்கும் கேட்டது. "பொய் வேற சொல்றியா? மேட் ஈரமா இருந்ததுன்னு அம்மா சொல்றாளே. எங்காத்துல உன்னைத் தவிர யார் துவைப்பா? இனிமே வராதே" என்று சொல்லி ஸ்நேஹா போனை வைத்தாள். ராஜகோபாலன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். நின்றிருந்தாரா? வராந்தாவை அளந்துகொண்டிருந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழி அத்தோடும் நிற்கவில்லை. பாஞ்சாலி அந்தக் கட்டடத்திலேயே நாலு வீட்டில் வேலை செய்தவள். மூன்றாம் மாடி ராகவேந்திரன் முந்திக்கொண்டு அவளை நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் எதிர்வீட்டு மாமியும், கீழ்வீட்டுக்காரர்களும் நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் நாலு கதவும் மூடிக்கொண்டன.

அதற்குப் பிறகு ராஜகோபாலன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிறகு லிஃப்ட் இருக்கிறது என்று காமாக்ஷியை ஸ்நேஹா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவர் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நாளுக்கு இரண்டு தடவை அலைந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். காமாக்ஷி வலி தாங்காத போதெல்லாம் பாஞ்சாலியைத் திட்டினாள். "பத்து வருஷமா சோறு போட்டிருக்கேன், ஒரு மேட்டை ஒழுங்காப் போடத் தெரியலையே அவளுக்கு" என்பாள். அவர் அடுத்த சுளையை நீட்டுவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சோடு உள்ளங்காலும் குறுகுறுத்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தண்ணீர் இருக்கிற கூஜாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

குப்பையில் போடச் சொல்லி ஸ்நேஹா பால்கனியில் வீசியிருந்த கால்மிதியை அவர் போடவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் நேரமெல்லாம் அதை எடுத்து வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தார், மறுபடி தைத்தார். அது பழையபடி தரையில் படிந்துவிட்டால், நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும் போல ஒரு அசட்டு நம்பிக்கை. ஒவ்வொரு தடவையும் ஓரம் தூக்கிக்கொண்டது. அவர் கை இழுக்காமல் தைக்க மறுத்தது. ஆறாவது தடவை ஊசி கட்டை விரலில் ஏறியபோது, ஊசியை வீசி எறிந்துவிட்டு அழுதார். அறுபத்தொன்பது வயசில் தனியாக உட்கார்ந்து அழுவது அசிங்கமாக இருந்தது. எழுந்து நடந்துகொண்டே அழுதார்.

பத்தாம் நாள், கால்மிதியைச் சுருட்டி ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு பெரும்பாக்கத்துக்குக் கிளம்பினார். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்த பிறகு பாஞ்சாலிக்கு அங்கேதான் குடியிருப்பு கொடுத்திருந்தார்கள். அவள் தினமும் முதல் பஸ் பிடித்து வந்த தூரம். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. தைக்கச் சொல்லிக் கேட்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கண்ணெடுக்காமல் பார்த்தபடி வந்தவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. டிக்கெட் வாங்காதவன்தான் இப்படி அக்கறையாக வெளியே பார்ப்பான். முப்பத்திரண்டு வருஷம் இப்படிப்பட்ட மூஞ்சிகளைத்தான் அவர் பின்தலையை வைத்தே கண்டுபிடித்தார். பையில் டிக்கெட் இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் ஐந்து மாடி ஏறினார். பாஞ்சாலி வீட்டு வாசலிலும் ஒரு பின்னல் கால்மிதி கிடந்தது. கல்லில் ஊற்றிய தோசை போல ஒரே மட்டமாகப் படிந்திருந்தது. அதை மிதிக்கக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றார்.

"இன்னா மாமா, இம்மாந்தூரம்? மாமி நல்லாகீறாங்களா?" என்றாள் பாஞ்சாலி. கோபம் இருந்தாலும் மாமியைத்தான் முதலில் கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து கால்மிதியை எடுத்துத் தரையில் வைத்தார்.

அவள் குனிந்து ஓரத்தைத் திருப்பினாள். தையலில் விரலை ஓட்டினாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பண்ணின கைக்குத் தெரியாதா?

"இது என் தையல் இல்ல. எவன் கை இது, கயித்த இழுக்கறா மாரி இழுத்துகீது?"

"நான்தான்."

"தொவைச்சது?"

"அதுவும் நான்தான், பாஞ்சாலி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மழைல எங்க மாமா காய வச்சீங்க?"

பத்து நாளாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அந்தக் கேள்வி. "மடிக்கொடியில" என்றார்.

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மடிக்கொடிலயா? நான் அது கீய போவசொல்ல தலைய குனிஞ்சிக்கினு போவேன் மாமா, முடி பட்டுடப் போவுதுன்னு. நீங்க காலு மெதிக்கறத்த தூக்கி அதுல போட்டீங்களா?" சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். முகம் மாறிவிட்டது. "பத்து வருசம் மாமா. ஒரு ஸ்பூனு காணாம போனதில்ல. மூணாவது மாடி சாரு மாடிப்படில நின்னுக்கினு, மாமிய தள்ளிவுட்டவ நீதானன்னு கேட்டாரு. நாலு பேர் பாக்கசொல்ல கேட்டாரு. நீங்க கீய கதவாண்ட நின்னுக்கினு இருந்தீங்க."

நின்றுகொண்டுதான் இருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்காகக் காத்திருந்தார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும், ஆட்டோ வருவதற்குள் தெருமுனைக்கு நடந்துபோய்விட்டார்.

"தப்புதான். இதை மட்டும் சரி பண்ணிக் குடு. நான் எப்படியாவது..." என்று இழுத்தார்.

"தைக்கமாட்டேன்." பாஞ்சாலி கால்மிதியைச் சுருட்டித் திரும்பவும் பையில் வைத்தாள். "நான் தச்சிட்டா இது என் கைவேல ஆயிடும். இப்ப இருக்கறது உங்க கைவேல. அப்டியே எத்துக்கினு போங்க. மாமி பாக்கட்டும், அந்த மூணு வூட்டுக்காரங்களும் பாக்கட்டும். தொடாதீங்க, பிரிக்காதீங்க."

அவர் இறங்கிப் போகும்போது அவள் கதவருகே நின்று, "படி பாத்து எறங்குங்க" என்றாள். அது அவரை இன்னும் கொஞ்சம் வதைத்தது.

பன்னிரண்டாம் நாள் காமாக்ஷி வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் வைத்து முதல் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். எதிர்வீட்டு மாமி ஹார்லிக்ஸ் கலந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ராகவேந்திரனும் வந்து, "நல்ல வேளை, அந்தப் பொம்மனாட்டியை அன்னிக்கே நிறுத்தினோம்" என்று ஆரம்பித்தார். ராஜகோபாலன் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நாலு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை கையில் கால்மிதியோடு வந்தார். கூடத்தின் நடுவில் தையல் தெரிகிற பக்கம் மேலாகப் போட்டார். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

"அதை எதுக்குன்னா எடுத்துண்டு வரேள்?" என்றாள் காமாக்ஷி.

"இதைத் துவைச்சது நான். தைச்சதும் நான். காப்பியைக் கொட்டிட்டேன். பாஞ்சாலி இதைத் தொடவே இல்லை." ஒரே மூச்சில் சொன்னார். மூச்சு தீர்வதற்குள் மீதியையும் சொன்னார். "மழை. காயலை. மடிக்கொடியில போட்டேன்."

"ராம ராமா! கால்மிதியையா?" என்று எதிர்வீட்டு மாமி வாயில் கை வைத்தாள். ராகவேந்திரன் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். ஸ்நேஹா, "என்னப்பா இது, நான் அவளை என்னெல்லாம் சொன்னேன்..." என்று பாதியில் நின்றாள்.

காமாக்ஷி மடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால்மிதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பன்னெண்டு நாள் நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாத்துக்குடி உரிச்சுக் குடுத்துண்டு இருந்தேள்."

வேறு எதை எதிர்பார்த்திருந்தாலும் அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மடி கெட்டுப்போச்சே என்று கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

"அந்த மேட்டை எடுத்துக்கோங்கோ. மூணு ஆத்துலயும் கதவைத் தட்டி, எல்லாரையும் கூப்பிட்டு இப்ப சொன்ன மாதிரியே சொல்லிட்டு வாங்கோ. மடிக்கொடியையும் விடாமச் சொல்லணும்" என்றாள் காமாக்ஷி.

போனார். எதிர்வீட்டில் சொன்னார், கீழ்வீட்டில் சொன்னார், மூன்றாம் மாடியில் ராகவேந்திரனின் மருமகள் வரை கூப்பிட்டுச் சொன்னார். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறின கால், ஒவ்வொரு கதவின் முன்னாலும் கனத்துப்போய் நின்றது. திரும்பி வந்தபோது காமாக்ஷி பாஞ்சாலியோடு போனில் பேசி முடித்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்த மூணு ஆத்துலயும் கூப்பிட்டா வராளாம். நம்மாத்துக்கு வரமாட்டாளாம். என் மேல கோவம் இல்லையாம். இங்க கால் வைக்க மனசு வரலையாம்" என்றாள்.

பாஞ்சாலி சொன்னபடியே செய்தாள். தினமும் காலை ஆறரைக்கு மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். ராஜகோபாலன் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டுக் கதவருகே போவார். சத்தம் அவர் வாசலில் நிற்காமல் மேலே ஏறும். திரும்பி வந்து பாத்திரம் துலக்குவார். ஆமாம், இப்போது அந்த வீட்டில் பாத்திரமும் பெருக்கலும் அவர் பொறுப்பு. ஓடுகிற காலுக்கு வேலை கொடுத்துவிட்டாள் காமாக்ஷி. வாக்கரோடு நடக்கிற வீட்டில் தரையில் எதுவும் கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கால்மிதி கட்டிலுக்கடியில் போயிற்று. ஆனாலும் காமாக்ஷி அதைத் தூக்கி எறியவும் விடவில்லை, தையலைப் பிரிக்கவும் விடவில்லை. வாரம் ஒரு முறை உதறித் திருப்பி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் தவறாமல் செய்தார்.

தை மாசம் ஒரு காலை. மழை நாளில் ஏறிய ஈர வாடை இன்னும் போகவில்லை என்று காமாக்ஷி சொன்னதால், கால்மிதியைத் துவைத்து மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். முறுக்கவில்லை. சொட்டச் சொட்டத்தான் கொண்டு போனார். அங்கே பாஞ்சாலி ராகவேந்திரன் வீட்டுத் துணியை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டரை மாசமாக அப்படித்தான். அவர் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, கால்மிதியைக் கொடியில் போடாமல் தரையில் பரப்பினார். மேடு பள்ளத்தைக் கையால் நீவினார். ஓரம் தூக்கிக்கொண்டது. மறுபடி நீவினார்.

பாஞ்சாலி கடைசித் துணிக்கு கிளிப் மாட்டிவிட்டு வாளியை எடுத்தாள். அவரைத் தாண்டி நாலடி போனவள் நின்றாள்.

"அங்க போட்டா சாயம் பூடும்" என்றாள், அவரைப் பார்க்காமல். "டேங்க்கு பின்னால நெழல்ல போடுங்க. ஒரு மணி நேரம் கயிச்சித் திருப்புங்க. அது வரிக்கும் நோண்டாதீங்க மாமா."

இறங்கிப் போய்விட்டாள். ராஜகோபாலன் கால்மிதியை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியின் நிழலில் பரப்பினார். கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது மணி பத்து நிமிஷம். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மணி பத்துப் பத்து ஆகும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.